வெள்ளைத் தாளில் இலை இல்லை: தருமபுரி எப்படி ஓட்டுப் போடுகிறது?

2019 ஏப்ரல் 18-ஆம் தேதி, பொம்மிடியில் இருக்கும் என் அத்தை ஒரே வாக்குச்சாவடிக்குள் இரண்டு முறை பொத்தானை அழுத்தினார். ஒன்று மக்களவைத் தேர்தலுக்கு. இன்னொன்று பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தலுக்கு. எம்.பி. ஓட்டு மெஷினில் ஒட்டியிருந்த தாள் வெள்ளை, எம்.எல்.ஏ. மெஷினில் ரோஸ். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து அத்தைக்கு இரட்டை இலையைத் தவிர வேறு சின்னம் கிடையாது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் போனில் கேட்டேன்: "ரெண்டுலயும் இலைதானே அத்தை?"

"ரோஸ் பேப்பர்ல இலைடா. வெள்ளப் பேப்பர்ல இலை எங்க இருந்துச்சு? மேலயும் கீழயும் தேடிப் பாத்தேன், காணோம். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. சூரியன அமுக்கிட்டு வந்துட்டேன்."

மே 23-ஆம் தேதி முடிவு வந்தது. தருமபுரி மக்களவைத் தொகுதியில் தி.மு.க.வின் டாக்டர் செந்தில்குமார், பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸை 70,753 ஓட்டில் தோற்கடித்திருந்தார். அதே நாளில் ஓட்டுப் போட்ட பாப்பிரெட்டிப்பட்டியிலும் அரூரிலும் சட்டமன்ற இடைத்தேர்தலில் அ.தி.மு.க. ஜெயித்திருந்தது. பாப்பிரெட்டிப்பட்டியில் கோவிந்தசாமி, அரூரில் சம்பத்குமார். இத்தனைக்கும் அப்போது அ.தி.மு.க.வும் பா.ம.க.வும் ஒரே கூட்டணி. ஒரே ஊர், ஒரே வரிசை, விரலில் ஒரே மை. ஒரு மெஷினில் கூட்டணி தோற்றது, பக்கத்து மெஷினில் அதே கூட்டணி ஜெயித்தது.

தொலைக்காட்சி விவாதங்களில் இதற்கு "முதிர்ச்சியான வாக்காளர்" என்று ஒரு விளக்கம் கொடுத்தார்கள். டெல்லிக்கு ஒரு கணக்கு, சென்னைக் கோட்டைக்கு ஒரு கணக்கு என்று மக்கள் யோசித்துப் போட்டார்களாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அத்தை சொன்ன காரணத்தை யாரும் சொல்லவில்லை. வெள்ளைத் தாளில் இலை இல்லை, கூட்டணிக் கட்சியான பா.ம.க.வின் மாம்பழம்தான் இருந்தது. இலைக்குப் போடுகிற கை மாம்பழத்துக்குத் தானாகப் போய்விடாது. தருமபுரி அரசியலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி தூரம் போய்விடலாம்.

கோட்டை என்று யார் சொன்னது?

வெளியூர்க்காரர்களிடம் தருமபுரி என்றால் உடனே வருகிற பதில் "பா.ம.க. கோட்டை". அப்படிப் பேர் வந்ததற்கு நியாயம் இருக்கிறது. 1998-ல் பாரி மோகன், 1999-ல் பு.தா. இளங்கோவன், 2004-ல் டாக்டர் செந்தில் என்று வரிசையாக மூன்று முறை பா.ம.க.வே இங்கே மக்களவைக்கு ஜெயித்தது. 1987-ல் வன்னியர் சங்கம் நடத்திய சாலை மறியல், 1989-ல் வந்த மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீத இட ஒதுக்கீடு, அதே ஆண்டு ஜூலையில் பிறந்த பா.ம.க. என்று வரிசையாக வந்த விஷயங்கள் இந்த மாவட்டத்தில் ஆழமாக வேர் பிடித்தன. 1996-ல் கூட்டணி பலம் இல்லாமல் பா.ம.க. ஜெயித்த நான்கே தொகுதிகளில் பென்னாகரமும் ஒன்று.

ஆனால் அந்த மூன்று வெற்றியையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். 1998-ல் கூட இருந்தது அ.தி.மு.க. 1999-ல் தி.மு.க.வும் பா.ஜ.க.வும். 2004-ல் தி.மு.க.வும் காங்கிரஸும். மூன்று தேர்தல், மூன்று விதமான துணை. மாம்பழம் நின்ற இடத்தில் நின்றது, பக்கத்தில் நின்றவர்தான் மாறிக்கொண்டே இருந்தார். 2009-ல் துணை மறுபடி மாறி அ.தி.மு.க.வோடு போனபோது, தி.மு.க.வின் தாமரைச்செல்வனிடம் லட்சத்துக்கும் மேலான வித்தியாசத்தில் தோற்றது. அப்போது யாரும் கோட்டை இடிந்தது என்றுகூட எழுதவில்லை. கோட்டை என்ற பேர் அதற்கப்புறமும் தொடர்ந்தது.

இன்னும் பின்னால் போனால் 1977-ல் காங்கிரஸின் வாழப்பாடி ராமமூர்த்தி, 1980-ல் தி.மு.க., 1984-ல் அ.தி.மு.க.வின் தம்பிதுரை, 1989-ல் மறுபடி அ.தி.மு.க., 1991-ல் காங்கிரஸின் தங்கபாலு, 1996-ல் தமிழ் மாநில காங்கிரஸ். இந்த வரிசையைப் பார்த்தால் இது யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த ஊர் இல்லை.

மூன்று எண்கள்

எனக்குப் பிடித்த புதிர் இது. மூன்று மக்களவைத் தேர்தல்களில் பா.ம.க. இங்கே வாங்கிய ஓட்டு:

2014-ல் அன்புமணி 4,68,194. ஜெயித்தார்.
2019-ல் அன்புமணி 5,04,235. தோற்றார்.
2024-ல் சௌமியா அன்புமணி 4,11,367. தோற்றார்.

அதாவது ஜெயித்தபோது வாங்கியதைவிடத் தோற்றபோது 36 ஆயிரம் ஓட்டு அதிகம். 2024-ல் ஜெயித்த தி.மு.க.வின் ஆ. மணி வாங்கியது 4,32,667. இது 2019-ல் தோற்ற அன்புமணி வாங்கியதைவிட 70 ஆயிரத்துக்கும் மேல் குறைவு. இந்த மணி வேறு யாரும் இல்லை, 2019 ஏப்ரல் 18 அன்று அத்தையின் ரோஸ் தாளில் சூரியன் சின்னத்தில் நின்று தோற்றவர்.

தருமபுரியில் எத்தனை ஓட்டு வாங்கினோம் என்பது எப்போதுமே பாதிக் கதைதான். மீதிக் கதை, எதிரே எத்தனை துண்டாக நின்றார்கள் என்பது. 2014-ல் தமிழ்நாடு முழுக்க அ.தி.மு.க. தனியாக நின்று 37 இடத்தைப் பிடித்தது. தருமபுரி விட்டுப்போன இரண்டில் ஒன்று, இன்னொன்று கன்னியாகுமரி. அன்று இங்கே அ.தி.மு.க. 3,91,048 வாங்கி இரண்டாம் இடம். சிட்டிங் எம்.பி.யை நிறுத்தியிருந்த தி.மு.க. ஒரு லட்சத்து 80 ஆயிரத்தோடு மூன்றாம் இடம். பா.ஜ.க., தே.மு.தி.க., ம.தி.மு.க. என்று பா.ம.க. பக்கம் கூட்டம் இருந்தது. மும்முனைப் போட்டியில் மாம்பழம் மேலே வந்தது.

2019-ல் அ.தி.மு.க.வும் பா.ம.க.வும் கைகோர்த்தபோது கட்சிக்காரர்கள் கூட்டிப் பார்த்தார்கள். 4.68 லட்சத்தோடு 3.91 லட்சம், எட்டரை லட்சம் தாண்டுகிறது. எதிரில் 2014-ன் தி.மு.க.வுக்கு ரெண்டு லட்சம்கூட இல்லை. கணக்குப்படி இது தேர்தலே இல்லை, ஊர்வலம். பெட்டியைத் திறந்தபோது வந்தது ஐந்து லட்சத்துச் சொச்சம். மூன்றரை லட்சம் ஓட்டு வழியிலேயே இறங்கிவிட்டது. தி.மு.க. 5,74,988.

இறங்கியவர்கள் யார்? கொஞ்சம் பேர் டி.டி.வி. தினகரனின் அ.ம.மு.க.வுக்குப் போனார்கள். அந்தக் கட்சிக்கு இங்கே நின்ற பழனியப்பன்தான் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் ஒருவர். பாப்பிரெட்டிப்பட்டி இடைத்தேர்தலே அவர் பதவி போனதால் வந்ததுதான். கொஞ்சம் பேர் 2014-ல் மோடி பேரைச் சொல்லி மாம்பழத்துக்குப் போட்டுவிட்டு, ஐந்து வருடத்தில் பணமதிப்பிழப்பையும் ஜி.எஸ்.டி.யையும் பார்த்தவர்கள். எட்டு வழிச்சாலைக்கு நிலம் அளக்க வந்தபோது அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் கிணற்றையும் தென்னையையும் காட்டி அழுதவர்களும் அதில் உண்டு. அப்புறம் அத்தை மாதிரி ஆட்கள். மாம்பழத்தின் மேல் அவருக்குப் பெரிய கோபம் ஒன்றும் இல்லை. அது "நம்ம சின்னம் இல்ல", அவ்வளவுதான். ஆனால் கோபம் இருந்தவர்களும் கணிசம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2012-க்குப் பிறகு

2012 நவம்பர் 7-ஆம் தேதி நாய்க்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகளில் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. சாதி கடந்த ஒரு திருமணம்தான் தொடக்கம். அடுத்த ஆண்டு ஜூலையில் அந்த மாப்பிள்ளைப் பையன் ரயில் தண்டவாளம் அருகே இறந்து கிடந்தான். நக்சல் இயக்கம் ஒரு காலத்தில் வேர்விட்டிருந்த, அந்த இயக்கத்தின் அப்பு, பாலன் நினைவுச் சின்னம் இருக்கிற அதே நாய்க்கன்கொட்டாய்தான் இது. தலித் பையன்கள் காதலிப்பதுபோல் நடிக்கிறார்கள் என்று குற்றம் சாட்டுகிற 'நாடகக் காதல்' என்ற சொல் மேடைகளில் ஏறி இறங்கியது. அந்த நவம்பருக்கு ஒன்றரை வருடம் கழித்து வந்த தேர்தல்தான் 2014. அன்புமணி ஜெயித்தார்.

இதை மட்டும் வைத்து அந்த வெற்றியை எழுதிவிடுவது சோம்பேறித்தனம். ஆனால் இதை விட்டுவிட்டு எழுதுவது அதைவிட மோசம். அந்த இரண்டு வருடத்தில் ஒரு பக்கம் ஓட்டு இறுகியது உண்மை. மறுபக்கம் இறுகியதும் உண்மை. தலித் குடியிருப்புகளில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா காலத்து இலை ஓட்டு நிறைய உண்டு. அந்த ஓட்டு இலைக்குப் போகும். கூட்டணி தர்மம் என்று சொல்லி மாம்பழத்துக்குப் போகச் சொன்னால் போகாது. 2019-ல் தி.மு.க. அணியில் விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் இருந்தார்கள், போவதற்கு இன்னொரு வாசல் பக்கத்திலேயே திறந்திருந்தது.

சாதி எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. வன்னியர் இத்தனை சதவீதம், கொங்கு வேளாளர் இத்தனை, ஆதிதிராவிடர் இத்தனை என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றும். எல்லாவற்றையும் கூட்டினால் நூறைத் தாண்டும். 1931-க்குப் பிறகு முழுமையான சாதிவாரிக் கணக்கு வெளிவரவில்லை, ஆகவே அந்தப் பட்டியல்களை டீக்கடையில் படித்துவிட்டு மடித்து வைத்துவிடலாம். மோட்டாவாகச் சொன்னால் பென்னாகரம், தருமபுரி, மேட்டூர் பக்கம் வன்னியர்கள் அதிகம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் கொங்கு வேளாளரும் ஆதிதிராவிடரும் சித்தேரி மலைவாழ் மக்களும் கலந்து இருக்கிறார்கள். பாலக்கோடு பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் நிறைய. இந்தக் கலவையில் ஒரு சாதி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் தனியாக ஜெயிக்க முடியாது. ஆனால் அதை விட்டுவிட்டும் யாரும் ஜெயிக்க முடியாது. தருமபுரியில் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் பா.ம.க.வை எதிர்த்து நிறுத்துகிற வேட்பாளர்களின் பட்டியலைப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

இதில் வெளியே தெரியாத ஒரு சங்கதி உண்டு. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டைக் கலந்து எண்ணுகிற வழக்கம் இருந்தது. எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மெஷின் வந்த பிறகு ஒவ்வொரு பூத்துக்கும் தனித்தனி எண்ணிக்கை. தேர்தல் முடிந்ததும் படிவம் 20 என்ற பட்டியலில் பூத் வாரியாக எல்லாம் வெளிவரும். ஒரு பூத் என்பது ஆயிரம், ஆயிரத்து முந்நூறு ஓட்டு. கிராமத்தில் அது ஒரு ஊர், அல்லது ஊரில் ஒரு தெரு. காலனிக்குத் தனி பூத் இருந்தால் காலனி ஓட்டு அப்படியே கண்ணாடியில் தெரிகிற மாதிரி தெரியும். ஒன்றியச் செயலாளர் கையில் அந்தப் பட்டியல் மார்க்கர் அடித்து இருக்கும். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லப் போனவரிடம் "உங்க பூத்துல எனக்கு எத்தன வந்துச்சு தெரியுமா?" என்று கேட்டதை நான் ஒரு முறை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். கேட்டவர் எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியம் இல்லை. தனி ஆளின் ஓட்டு ரகசியம்தான், ஊரின் ஓட்டுக்கு ரகசியம் இல்லை.

எம்.எல்.ஏ. கணக்கு வேறு

சட்டமன்றத்துக்கு வந்தால் படம் மாறுகிறது. மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதி: பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் (தனி), சேலம் மாவட்டத்தில் இருக்கிற மேட்டூர். ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

பாலக்கோடு எளிது. 2001 முதல் 2021 வரை ஐந்து தேர்தல், ஐந்திலும் அ.தி.மு.க.வின் கே.பி. அன்பழகன். கூட்டணி எது, அலை எது, ஆட்சி யாருடையது என்பதெல்லாம் அங்கே எடுபடவில்லை. 2006-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோதும் ஜெயித்தார், 2021-ல் வந்தபோதும் ஜெயித்தார். தக்காளி மண்டியில் கேட்டால் "கூப்ட்டா வருவாரு" என்பார்கள். துக்க வீட்டிலும் கல்யாண வீட்டிலும் முகம் காட்டுவது இந்தப் பக்கத்தில் சாதியைவிடப் பெரிய தகுதி. கட்சித் தலைமைக்கு இது அவ்வளவாகப் புரிவதில்லை.

அரூர் இன்னொரு தினுசு. 2006, 2011 இரண்டிலும் மார்க்சிஸ்ட் கட்சியின் டில்லிபாபு ஜெயித்தார். அந்தப் பக்கம் அந்தக் கட்சிக்கு மரியாதை வந்ததில் வாச்சாத்திக்குப் பெரிய பங்கு. 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் செய்த அக்கிரமத்தை நீதிமன்றம் வரை இழுத்துப் போனது அவர்களும் மலைவாழ் மக்கள் சங்கமும். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டில்லிபாபு ஜெயித்த 2006-ல் இடதுசாரிகள் தி.மு.க. அணி, 2011-ல் அ.தி.மு.க. அணி. அணி மாறியும் ஆள் மாறவில்லை.

பென்னாகரம்தான் சுவாரஸ்யம். 2001-ல் பா.ம.க.வின் ஜி.கே. மணி. 2006-ல் தி.மு.க.வின் பெரியண்ணன். அவர் இறந்ததால் 2010 மார்ச்சில் நடந்த இடைத்தேர்தலில் அவர் மகன் இன்பசேகரன். அந்த இடைத்தேர்தலில் பா.ம.க. தனியாக நின்று இரண்டாம் இடம் வந்தது, அ.தி.மு.க.வுக்கு டெபாசிட் போனது. அதற்கு அடுத்த வருடமே அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் நஞ்சப்பன் ஜெயித்தார். டெபாசிட் போன கூட்டணிக்கு ஒரே வருடத்தில் தொகுதி. 2016-ல் முதல்வர் வேட்பாளர் என்று தமிழ்நாடு முழுக்க 'மாற்றம், முன்னேற்றம்' போஸ்டர் ஒட்டிய அன்புமணி பென்னாகரத்தில் நின்று 58 ஆயிரத்துச் சொச்சம் வாங்கி, இன்பசேகரனிடம் 18 ஆயிரம் ஓட்டில் தோற்றார். அ.தி.மு.க.வின் கே.பி. முனுசாமி 51 ஆயிரத்துச் சொச்சத்தோடு மூன்றாம் இடம்.

இப்போது 2021. பா.ம.க.வும் அ.தி.மு.க.வும் சேர்ந்து ஜி.கே. மணியை நிறுத்தின. 58-ஐயும் 51-ஐயும் கூட்டினால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சுமார். மணி வாங்கியது ஒரு லட்சத்து ஆறாயிரம். இந்த முறை கூட்டல் கிட்டத்தட்ட பிசகாமல் வந்தது.

2019-ல் பொய்த்த அதே கூட்டல் 2021-ல் எப்படிப் பலித்தது? எல்லாருக்கும் இதே கேள்வி. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்த அந்தத் தேர்தலில் தருமபுரி மக்களவைத் தொகுதிக்குள் இருக்கிற ஆறு சட்டமன்றத் தொகுதியிலும் அ.தி.மு.க., பா.ம.க. அணிதான் ஜெயித்தது. பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் இலைக்கு. பென்னாகரம், தருமபுரி, மேட்டூர் மாம்பழத்துக்கு.

நான் பார்த்தவரை மூன்று காரணம். எடப்பாடி பழனிசாமி பக்கத்து சேலம் மாவட்டத்துக்காரர், தோப்பூர் கணவாயைத் தாண்டினால் அவர் சீமை. "நம்ம பக்கத்து ஆளு முதலமைச்சரா இருக்கறாரு" என்ற நினைப்பு கட்சி தாண்டி இருந்தது. இரண்டாவது, 2021 பிப்ரவரி 26-ஆம் தேதி. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில், அதற்குச் சற்று முன்னால் சட்டமன்றத்தில் வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு மசோதா நிறைவேறியது. அந்த வாரம் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வெடித்த பட்டாசு தீபாவளிக்குக்கூட வெடித்திருக்காது. (அதே வருடம் நவம்பரில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2022 மார்ச்சில் உச்சநீதிமன்றமும் அதையே சொன்னது. ஆனால் ஓட்டு ஏப்ரலிலேயே விழுந்துவிட்டது.) மூன்றாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். 2021-ல் மாம்பழத்துக்குப் போட்டால் இலை ஆட்சி நீடிக்கும் என்று இலைக்காரருக்குச் சொல்ல முடிந்தது. 2019 வெள்ளைத் தாளில் மாம்பழத்துக்குப் போட்டால் இலைக்கு என்ன வரும் என்று யாராலும் அத்தைக்குச் சொல்ல முடியவில்லை. மோடி வருவார் என்று சொல்லலாம். அத்தைக்கு அது காரணமாகப் படவில்லை.

மக்களவை, சட்டமன்றம் போக மிச்சம் இருப்பது உள்ளாட்சி. 2022 பிப்ரவரியில் தருமபுரி நகராட்சியைத் தி.மு.க. பிடித்தது. அப்போது நகரத்துக்கு எம்.எல்.ஏ. மாம்பழம், தலைவர் சூரியன். வார்டு தேர்தலில் சின்னத்தைவிட சாக்கடையும் குப்பை வண்டியும் பேசும், ஆளும் கட்சி என்றால் கூடவே நிதியும் பேசும். இதில் பெரிய ஆராய்ச்சிக்கு இடம் இல்லை.

தண்ணீரும் பல்லும்

எங்கள் பக்கத்து ஆளை வெளியூரில் அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது: சிரிக்கச் சொல்வது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறை படியும். எனக்கும் இருக்கிறது. வயதானவர்களுக்கு எலும்பும் மூட்டும் போகும். பெங்களூரில் வேலைக்குப் போன புதிதில் பீடி குடிப்பியா என்று கேட்டார்கள், நான் பீடியைத் தொட்டதில்லை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகத்தான் வந்தது. ஜப்பான் வங்கிக் கடன், இரண்டாயிரம் கோடிக்குக் கொஞ்சம் குறைவான செலவு, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும். 2008 பிப்ரவரியில் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், அப்போது உள்ளாட்சித் துறை ஸ்டாலினிடம் இருந்தது. கர்நாடகத்தில் பெரிய எதிர்ப்பு, கன்னட அமைப்புகள் எல்லைக்கு வந்தன. 2013 மே மாதம் ஜெயலலிதா திறந்து வைத்தார். ஆகவே இந்தக் குழாயைச் சூரியனும் சொந்தம் கொண்டாடும், இலையும் கொண்டாடும். தேர்தல் வந்தால் ஒரே குழாய்க்கு இரண்டு மேடை. மாம்பழத்துக்கு அந்தக் குழாயில் பங்கு இல்லாததால் அது ஆற்றைப் பிடித்தது: மழைக்காலத்தில் காவிரியில் போகிற உபரி நீரை மோட்டார் வைத்து ஏற்றி மாவட்டத்து ஏரிகளை நிரப்ப வேண்டும் என்ற கோரிக்கை. பத்து வருடத்துக்கும் மேலாக அன்புமணி பேச்சில் இது இல்லாத கூட்டம் கிடையாது. கோரிக்கை நியாயமானது என்று தி.மு.க. கிளைச் செயலாளர்களே தனியாகச் சொல்வார்கள். காவிரி ஒரு பக்கம் ஓடுகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, நம் ஏரியில் முள்ளுச்செடி.

2024-ல் சௌமியா அன்புமணி இதைத்தான் முன்னால் வைத்தார். கைத்தட்டல் இருந்தது, கூட்டமும் இருந்தது. ஆனால் எதிர்ப்பக்கம் இன்னொன்று இருந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை ஸ்டாலின் தொடங்கி வைத்தது தருமபுரி மாவட்டத்துத் தோப்பூரில்தான், 2023 ஜூலை 24-ல். அந்த மாதம் முழுக்க ரேஷன் கடை வாசலில் பெண்கள் வரிசை. ஏரி நிரம்புவது வருங்காலம். ஆயிரம் ரூபாய் பேங்க் மெசேஜாக மாதாமாதம் போனில் வந்து நின்றது. அதோடு இந்த முறை இலை தனியாக நின்றது, வெள்ளைத் தாளில் இருந்தது. அதற்கு 2,93,629 விழுந்தது. இலையும் மாம்பழமும் சேர்த்தால் ஏழு லட்சம், ஜெயித்த சூரியனுக்கு நாலேகால் லட்சம். உடனே "சேர்ந்திருந்தால் ஜெயித்திருப்போம்" என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். 2019-ல் சேர்ந்துதான் இருந்தார்கள்.

பெங்களூர் பஸ்

2024-ல் தமிழ்நாட்டிலேயே அதிகம் ஓட்டுப் பதிவானது தருமபுரியில்தான், 81 சதவீதத்துக்கும் மேல். 2014-லும் 81-ஐத் தாண்டியது. சென்னைத் தொகுதிகள் ஐம்பதுகளில் முக்கிக்கொண்டிருக்கும்போது இங்கே எண்பது. படிப்பறிவில் மாநிலத்திலேயே கடைசி வரிசையில் இருக்கிற மாவட்டம் என்று பேர்.

இதற்கு ஜனநாயக உணர்வு என்று பேர் வைக்கலாம். நான் பெங்களூர் மடிவாளாவில் தேர்தலுக்கு முந்தைய ராத்திரி பஸ்ஸுக்கு நின்றவன். ஓசூர் ரோடு முழுக்க எங்கள் ஆட்கள். சென்ட்ரிங் வேலைக்காரர்கள், பேக்கரி மாஸ்டர்கள், டிரைவர்கள், சாஃப்ட்வேர் பையன்கள். வானம் பார்த்த பூமி, வேலைக்குப் பெங்களூரும் திருப்பூரும் கேரளாவும்தான் கதி. ஆனால் ஓட்டும் ரேஷன் கார்டும் ஊரில்தான். கட்சிக்காரர்கள் ஊர் ஊராக லிஸ்ட் எடுத்து, யார் எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்த நம்பர் என்று வைத்திருப்பார்கள். வேன் அனுப்புவார்கள், பஸ் டிக்கெட் காசு ஜிபேயில் வரும். வேனில் யார் அனுப்பியதோ அவருக்குத்தான் எல்லோரும் போடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு முறை ஒரு கட்சி அனுப்பிய வேனில் கிருஷ்ணகிரி டோல்கேட் வரை வேறு கட்சிப் பாட்டு ஓடியது, டிரைவரும் சேர்ந்து பாடினார்.

ஓட்டுப் போடாவிட்டால் ஊரில் கேட்பார்கள் என்பதும் ஒரு காரணம். போன பாராவில் சொன்ன லிஸ்ட் கையில் இருந்தால் ஊரில் யார் வரவில்லை என்பது தெரியும். போட்டி நெருக்கமாக இருக்கிற இடத்தில் ஒவ்வொரு பூத்திலும் முப்பது, நாற்பது ஓட்டு கணக்கு. 2024-ல் வித்தியாசம் 21,300தான். தொகுதியில் ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பூத். பிரித்துப் பார்த்தால் ஒரு பூத்துக்குப் பதினைந்து ஓட்டுகூட இல்லை, ஒரு வேன் ஆள்.

2024 ஜூன் 4, செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரியில் எண்ணிக்கை. காலையில் சௌமியா முன்னிலை. நாலு ரோட்டில் மாம்பழக் கொடி கட்டிய பைக்குகள் இரண்டு சுற்று வந்தன. மதியத்துக்கு மேல் வித்தியாசம் கரைய ஆரம்பித்தது, அப்புறம் மாறியது. நான் அத்தைக்குப் போன் போட்டேன். இந்த முறை வெள்ளைத் தாளில் இலை இருந்தது, அவர் அதற்குத்தான் போட்டிருந்தார்.

"உன் இலை மூணாவது இடம் அத்தை."

"அது கெடக்கட்டும்," என்றார். "இந்த மாசம் ஆயிரம் ரூபா இன்னும் வரல. எலெக்சன் முடிஞ்சிருச்சுல்ல, வருமா வராதாடா?"